கன்னத்துக் கட்டி: கத்தி வைக்கும் முன் பயாப்ஸி பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: மும்பை தாராவியில் இருக்கிறோம். 34 வயதான என் தம்பிக்கு உள்கன்னத்தில் மூன்று மாதமாக வலியில்லாத கட்டி ஒன்று வளர்ந்து வருகிறது. அவன் புகையிலையைத் தொட்டதே இல்லை. பயாப்ஸியில் ‘ஸ்பிண்டில் செல் கட்டி, ஐஎச்சி செய்து பார்க்கவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். கட்டியை எடுத்துவிட்டால் போதும் என்கிறார் பல் மருத்துவர். எடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எடுக்க வேண்டாம். அந்த அறிக்கையில் ஐஎச்சி எனும் நிறமேற்றும் சோதனையைச் செய்யச் சொல்லும் கடைசி வரிதான் முக்கியம். ‘ஸ்பிண்டில் செல்’ என்பது நோயின் பெயர் அன்று. நூற்கும் கதிரைப் போல நீண்ட செல்கள் தெரிந்தன என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. நரம்புறையில் எழும் தீங்கற்ற கட்டி, தசையில் எழும் புற்றான சார்கோமா, வாயின் மேற்தோலில் தோன்றி உருமாறிய புற்றான கார்சினோமா ஆகிய மூன்றும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றக்கூடும், ஆனால் சிகிச்சை மூன்றுக்கும் வேறு.

தம்பிக்குப் புகையிலைப் பழக்கம் இல்லாதது நல்லதே, ஆயினும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். வாய்ப்புற்றுநோயில் 90 விழுக்காட்டுக்கு மேல் மேற்தோல் செல்களில் எழுபவை. புகையிலை பெரிதும் காரணமாவது அவற்றுக்கே. சார்கோமா தலை, கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1 விழுக்காடுதான் என்பதால், அதை அடிக்கடி பார்த்துப் பழகிய கண்கள் தேவை.

ஐஎச்சியில் செல்லுக்குள் இருக்கும் புரதங்களுக்கு நிறம் ஏற்றிப் பார்க்கிறார்கள். கெரட்டின் நிறம் ஏற்றால் கார்சினோமாவை நினைக்கிறோம். டெஸ்மின், மையோஜெனின் என்ற புரதங்கள் இரண்டும் ஏற்றால் தசைச் சார்கோமா. எஸ்-100 என்ற புரதம் ஏற்றால் நரம்பு சார்ந்த கட்டிகளின் பக்கம் போகிறோம். ஒற்றைக் குறியை வைத்து முடிவு சொல்ல மாட்டோம்.

இதற்குப் பெரும்பாலும் மறுபடி சதை எடுக்க வேண்டியிராது. முதல் பயாப்ஸியின் சதை மெழுகில் பதிந்து, சிறு பிளாஸ்டிக் சட்டத்தில் ஆய்வகத்திலேயே இருக்கும், அதுதான் பிளாக். அதையும் ஸ்லைடுகளையும் எழுதிக்கேட்டு வாங்குங்கள். சட்டத்தின் விளிம்பிலுள்ள எண் அறிக்கை எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மெழுகு இளகும் என்பதால் வெயிலில் வைக்காதீர்கள். உங்களுக்குப் பக்கமாகவே, பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையில் வெளி ஆய்வகப் பிளாக்குகளை மறு ஆய்வு செய்கிறார்கள்.

கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்பதை அறுவைக்கு முன்பே எம்ஆர்ஐயில் பார்த்துவிட வேண்டும். சார்கோமா என்று உறுதியானால், அது பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குப் பரவும் என்பதால், மார்புக்கு சிடி ஸ்கேனும் தேவைப்படும். அவசரப்பட்டுக் கட்டியை மட்டும் நோண்டி எடுப்பதற்கு நான் அஞ்சுவது ஏனென்றால், சார்கோமாவைச் சுற்றி உறைபோலத் தெரிவதிலும் புற்றுச்செல்கள் இருக்கும். அதை ஒட்டி உரித்தெடுத்தால் அவை உள்ளேயே தங்கி, மறு அறுவையில் கன்னத்தை இன்னும் அகலமாக வெட்ட நேரிடும்.

இந்த வாரமே பிளாக்கோடு போங்கள். கட்டி எப்போது கண்ணில் பட்டது, அப்போது எவ்வளவு பெரிது, இப்போது எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.