காற்று நம்ம ஊரில், காசு எந்த ஊரில்? தூத்துக்குடி காற்றாலைக் கேள்வி பதில்

கயத்தாறு, தூத்துக்குடி பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இந்தக் கம்பெனிகளால் ஊருக்கு என்ன வருகிறது, யாருக்கு வேலை கிடைக்கிறது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (முத்தையாபுரம், கல்லூரி மாணவர்): அண்ணாச்சி, நம்ம பக்கம் காற்றாலை எப்போது வந்தது?

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, முள்ளக்காட்டில், 1986இல். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை அதுதான். அரசு சோதனையாகத் தொடங்கியது. 1990களில் தனியார் பணம் வந்த பிறகு முப்பந்தல், கயத்தாறு, உடுமலை என்று பரவியது. இன்று மாநிலத்தில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது.

கேள்வி (கயத்தாறு, மளிகைக் கடைக்காரர்): திரும்பிய பக்கமெல்லாம் காத்தாடி. ஊர் மட்டும் அப்படியே இருக்கிறதே, ஏன்?

பதில்: முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். காத்தாடி நிற்பது உங்கள் ஊரில் என்றாலும் அதன் முதலாளி பெரும்பாலும் கோயம்புத்தூரிலோ, திருப்பூரிலோ, ராஜபாளையத்திலோ இருக்கும் நூற்பாலைக்காரர். இங்கே ஓடும் யூனிட்டை அங்கே ஆலையின் மின்கட்டணத்தில் கழித்துக்கொள்வார். 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி பல ஆலைகள் சேர்ந்தும் இப்படிச் செய்யலாம். காற்றாலைக் கம்பெனியில் அவர்கள் கையில் 26% பங்காவது இருக்க வேண்டும், மின்சாரத்தில் 51% ஆவது அவர்களே பயன்படுத்த வேண்டும்.

வருமான வரிச் சலுகையும் சேர்ந்துகொண்டது. இயந்திரத்தின் விலையில் 80 சதவீதத்தை முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வெகுகாலம் இருந்தது. 2012இல் நிறுத்தினார்கள், 2014இல் திரும்பக் கொடுத்தார்கள், 2017இல் 40 ஆகக் குறைத்தார்கள். லாபம் அதிகமாக வந்து வரி கட்ட வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்குத்தான் இது பயன்பட்டது. அதனால் ஆலைகள் மூடாமல் தாக்குப்பிடித்தன, கோவையிலும் திருப்பூரிலும் வேலை நிலைத்தது. மாநிலத்துக்கு அது பெரிய லாபம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கயத்தாறுக்கு வந்து சேர்ந்தது நிலம் விற்ற பணமும், வாட்ச்மேன் வேலையும், ஜீப் வாடகையும்தான். இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். காற்று வீசும் ஊரிலேயே பங்கு வைத்திருப்பவர்கள் உருவாகாத வரை இது மாறாது.

கேள்வி (ஓட்டப்பிடாரம், விவசாயி): கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: விற்பதைவிட குத்தகைக்கு விடுவது நல்லது. இயந்திரம் 20, 25 வருடம் நிற்கும், வாடகையும் வருடாவருடம் ஏற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பாதை எந்த வரப்பு வழியாகப் போகும், மின்கம்பி யார் நிலத்துக்கு மேலே போகும், கிரேன் நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்று எல்லாமே பத்திரத்தில் இருக்கட்டும். காலம் முடிந்ததும் டவரையும் அடியில் இருக்கும் கான்கிரீட்டையும் யார் எடுப்பது என்பதுதான் பலரும் கேட்க மறப்பது. அதைப் பேசி முடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் அண்ணாச்சி.

கேள்வி (விளாத்திகுளம்): காத்தாடி மேகத்தைக் கலைத்துவிடுகிறது என்கிறார்களே?

பதில்: இல்லை. இறக்கை நுனி எட்டுவது 200 மீட்டர் வரைதான். மழை மேகம் அதற்கெல்லாம் வெகு மேலே இருக்கிறது. தென்மேற்குக் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகத்தான் நம்ம பக்கம் இறங்குகிறது. காத்தாடி வருவதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது.

கேள்வி (ஐடிஐ முடித்தவர், கோவில்பட்டி): அண்ணே, எனக்கு வேலை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் தம்பி, ஆனால் எண்ணிக்கையைப் பெரிதாக நம்பாதே. டவர் நிறுத்தும் காலத்தில் நிறையப் பேர் வேண்டும், சில மாதத்தில் அது முடிந்துவிடும். அதன் பிறகு சில ஆட்களே பல இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வோம். மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன், அப்போது ஒரு மணி நேரம் நின்றாலும் நட்டம். எலக்ட்ரீஷியன் படிப்போடு ஹைட்ராலிக்ஸ் கற்றுக்கொள். உயரத்தில் வேலை செய்ய ஜி.டபிள்யூ.ஓ. (உலகக் காற்றாலை அமைப்பு) பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டிலும் எடுப்பார்கள். ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தால் பி.எஃப்., இஎஸ்ஐ உண்டா என்று முதல் நாளே கேள். 2017இல் காற்றாலை மின்சாரத்துக்கு நடந்த முதல் ஏலத்தில் யூனிட் விலை 3.46 ரூபாய்க்கு இறங்கியது. அந்த நெருக்கடி கடைசியில் தொழிலாளி சம்பளத்தில்தான் வந்து விழுகிறது.

கேள்வி (துறைமுக ஊழியர்): நம்ம துறைமுகத்தில் இவ்வளவு இறக்கை ஏற்றி இறக்குகிறோம். நகரத்துக்கு இதைவிட அதிகம் கிடைக்காதா?

பதில்: கிடைக்கும். பிரிட்டனில் ஹல் என்ற துறைமுக நகரத்தைப் பாருங்கள். ஆழ்கடல் மீன்பிடிப்பு போனதும் அந்த நகரமே நொடித்தது. சீமென்ஸ் கம்பெனியும் துறைமுக நிறுவனமும் சேர்ந்து 31 கோடி பவுண்டு போட்டு, 2016இல் கப்பல் துறையிலேயே இறக்கைத் தொழிற்சாலை திறந்தார்கள். ஏறத்தாழ 1,000 பேருக்கு வேலை. வட கடலில் காற்றாலைகள் தொடர்ந்து வரும் என்ற உறுதி இருந்ததால்தான் அந்தப் பணம் வந்தது.

75 மீட்டர் நீள இறக்கையைச் சாலையில் கொண்டுபோவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். கப்பல் பக்கத்திலேயே செய்தால் அந்தச் செலவு இல்லை. நம்மிடம் துறைமுகம் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. ஆனால் இங்கே தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூர், மாமண்டூர் என்று சென்னையைச் சுற்றியே வந்தன. தூத்துக்குடி வெறும் ஏற்றுமதி இடமாக நின்றுவிடக் கூடாது.

கேள்வி (திரேஸ்புரம், மீனவர் குடும்பம்): கடலில் காத்தாடி போட்டால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும்?

பதில்: அக்கா, 2024 ஜூனில் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் தமிழ்நாட்டுக் கடலுக்கு 500 மெகாவாட், குஜராத்துக்கு 500. இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடியும் அதற்குள் இருக்கிறது. மன்னார் வளைகுடா பவளப்பாறை உள்ள இடம், 21 தீவுகள் தேசியப் பூங்காவில் இருக்கின்றன. எந்தக் கடல் பகுதியில் படகு போகலாம், கேபிள் எங்கே கரையேறும், வலை அறுந்தால் யார் ஈடு தருவது என்பதையெல்லாம் டெண்டருக்கு முன்பே சங்கங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். போட்ட பிறகு பேசினால் நமக்கு எதுவும் மிஞ்சாது.

கேள்வி (லேத் பட்டறை உரிமையாளர்): எங்களைப் போன்றவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. 225, 250 கிலோவாட் பழைய இயந்திரங்களைக் கழற்றி 2, 3 மெகாவாட் இயந்திரம் வைக்க 2024இல் மாநில அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. கழற்றாமல் ஆயுளை நீட்டிப்பதும் அதில் உண்டு. பழைய மாடல்கள் பலவற்றுக்கு உதிரிப் பாகம் செய்த கம்பெனியே இன்று இல்லை. கியர் பாக்ஸ், யா பிரேக் (காத்தாடித் தலை திரும்புவதைப் பிடித்து நிறுத்துவது), பேரிங் ஹவுசிங் என்று யாராவது செய்துதான் ஆக வேண்டும். ஒரு பாகத்தை அளவு பிசகாமல் செய்து காட்டுங்கள். இப்போது பலர் கோவைக்கு அனுப்பி, வரும் வரை இயந்திரத்தை நிறுத்திவைக்கிறார்கள். சீசனுக்கு முன்னால், பிப்ரவரி மார்ச்சில் சைட் இன்சார்ஜ்களைப் போய்ப் பாருங்கள். பழுது பார்க்கும் வேலைக்கு ஆள் தேடுவது அப்போதுதான்.