கரப்பானா, எக்ஸிமாவா, அடோபிக் டெர்மடைடிஸா?

கேள்வி: மூன்று வயது மகனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் தடித்துச் சிவந்திருக்கிறது. இரவெல்லாம் சொறிகிறான். முன்பு பார்த்த டாக்டர் ‘எக்ஸிமா’ என்றார். இப்போது தோல் டாக்டர் சீட்டில் ‘அடோபிக் டெர்மடைடிஸ்’ என்று எழுதியிருக்கிறார். மாமியார் ‘கரப்பான்’ என்று சொல்லி முட்டை, கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நோய் முற்றியதால்தான் பெயர் மாறியதா? கைக்குழந்தைக்கும் ஒட்டுமா?
ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நோய் முற்றவில்லை, சகோதரி. இரண்டு டாக்டர்களும் சொன்னது ஒன்றைத்தான். உங்கள் மாமியார் சொல்வதும் பெரும்பாலும் அதையே.

‘எக்ஸிமா’ பழைய கிரேக்கச் சொல். கொதித்துப் பொங்குவது என்று பொருள். நீர் கோத்துக் கசியும் தோலைப் பார்த்து வைத்த பெயர். ‘டெர்மடைடிஸ்’ என்றால் தோல் அழற்சி, அவ்வளவுதான். டான்சில் அழற்சியை டான்சிலைடிஸ் என்கிறோமே, அப்படி. ஹேர் டை, கவரிங் நகை பட்டு வருவதற்கும் டெர்மடைடிஸ் என்றே பெயர். அதனால் முன்னால் நிற்கும் ‘அடோபிக்’ எதைச் சொல்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

1923-இல் அமெரிக்காவில் கோகா, குக் என்ற இரு மருத்துவர்கள், ஆஸ்துமாவும் மகரந்த ஒவ்வாமையும் சில குடும்பங்களில் வழிவழியாக வருவதற்கு ஒரு பெயர் தேடினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் எட்வர்ட் பெர்ரி ‘அடோபி’ என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தார். ‘டோபோஸ்’ என்றால் இடம். ‘அ’ சேர்ந்தால் இடத்துக்குப் பொருந்தாதது, விநோதமானது. மற்றவர்களை ஒன்றும் செய்யாத தூசிக்கும் மகரந்தத்துக்கும் இவர்கள் உடல் மட்டும் சீறுவது அன்று விநோதமாகவே பட்டது. 1933-இல் வைஸ், சுல்ஸ்பெர்கர் என்ற தோல் மருத்துவர்கள் இந்தத் தோல் நோயையும் அதே குடும்பத்தில் சேர்த்து, உங்கள் சீட்டில் இருக்கும் பெயரை வைத்தார்கள்.

ஆகவே அந்தப் பெயர் சொல்வது பிறவித் தன்மையை, தொற்றை அல்ல. கைக்குழந்தைக்கு ஒட்டாது. இருவரும் ஒரே துணியில் படுக்கலாம். ஆனால் அதே வாகு அதற்கும் வாய்த்திருக்கலாம். வீட்டில் யாருக்காவது இளைப்பு, ஓயாத தும்மல் உண்டா என்று டாக்டர் கேட்டிருப்பார், காரணம் இதுதான். தோலின் காப்பை உறுதியாக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறை பலருக்கு இதற்கு இடம் கொடுக்கிறது என்பது 2006-இல் தெரியவந்தது. அந்தத் தோலில் ஈரம் நிற்காது. வறண்டதும் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும்.

எனவே முதல் மருந்து ஈரப்பதம். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை சேராத க்ரீமையோ வாசலினையோ தாராளமாகத் தடவுங்கள். டாக்டர் தந்த ஸ்டீராய்டு களிம்பைச் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போடுங்கள். பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் பூசுவதுதான் ஆபத்து.

‘கரப்பான் பண்டம்’ என்று ஒதுக்குவது அக்கறையால்தான், தெரியும். ஆனால் வளரும் பிள்ளைக்கு முட்டையை நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. முட்டை தின்றதும் தடிப்போ வாந்தியோ வந்ததுண்டா? இல்லையென்றால், தோல் டாக்டரிடம் கேட்டு மறுபடி கொடுக்கத் தொடங்குங்கள்.

பல குழந்தைகளுக்கு வளர வளர இது தணிந்துவிடுகிறது. மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல், வலியோடு கொத்தாகச் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.