கேளுங்கள்: ஹிட்லரின் கடைசி நாட்கள்

ஹிட்லர் கத்தும் காட்சிக்குக் கண்டபடி சப்டைட்டில் போட்டு யூடியூபில் கலாய்க்கிறார்களே, அது என்ன படம்?

'டெர் உன்டர்காங்'. 2004-இல் வந்த ஜெர்மன் படம், ஆங்கிலத்தில் 'டவுன்ஃபால்'. இயக்கம் ஆலிவர் ஹிர்ஷ்பீகல். அந்தக் காட்சி 1945 ஏப்ரல் 22-இல் நடப்பது. ரஷ்யர்கள் பெர்லினுக்குள் நுழைகிறார்கள், ஹிட்லரோ வரைபடத்தில் விரலை ஓட்டி, தளபதி ஸ்டைனர் படையோடு வந்து தாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். ஸ்டைனரிடம் போதிய படையே இல்லை என்று தளபதிகள் மென்று விழுங்கிச் சொன்னதும், நடுங்கும் கையால் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றுகிறார், நாலு பேரை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை வெளியே போகச் சொல்கிறார், அப்புறம்தான் அந்தக் கூச்சல். கத்தி ஓய்ந்து நாற்காலியில் சரிந்து, போரில் தோற்றுவிட்டோம் என்று முதன்முறையாக ஒப்புக்கொள்வதுதான் காட்சியின் உச்சம். கலாய்ப்பவர்களுக்குக் கத்தல் போதும்!

ஹிட்லராக நடித்தவர் ஜெர்மன்காரரா?

இல்லை, ப்ரூனோ கான்ஸ் சுவிட்சர்லாந்துக்காரர். மேடையில் கத்தும் ஹிட்லரை ஊரே கேட்டிருக்கிறது, சாதாரணமாகப் பேசும் ஹிட்லரை? 1942-இல் பின்லாந்தில் அந்நாட்டுப் படைத்தலைவர் மன்னர்ஹைமோடு பேசிக்கொண்டிருந்ததை யாரோ ரகசியமாகப் பதிவு செய்ய, அந்த ஒலிநாடா தப்பிப் பிழைத்தது. கான்ஸ் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குரலைப் பிடித்தார். ஹிட்லர் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்த இடது கையின் நடுக்கத்துக்காக பார்க்கின்சன் நோயாளிகளைப் போய்ப் பார்த்தார்.

கொடுங்கோலனை மனிதனாகக் காட்டலாமா?

தாராளமாக. செக்ரட்டரிப் பெண்களிடம் பரிவாகப் பேசும் அதே வாயால், ஜெர்மன் மக்கள் செத்தால் சாகட்டும், அவர்களுக்கு இது வேண்டியதுதான் என்கிறாரே, பூதமாகக் காட்டியிருந்தால் அந்த அதிர்ச்சி வருமா? எனக்கு உறுத்தியது வேறு. படத்தில் ஷெங்க் என்று ஒரு டாக்டர், குண்டு மழையில் நோயாளிகளுக்காக ஓடியாடும் உத்தமர். நிஜ ஷெங்க், நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.-இல் அதிகாரி, மவுத்தவுசன் வதைமுகாம் கைதிகள் மேல் நடந்த உணவுப் பரிசோதனைகளில் அவருக்குப் பங்கு உண்டு. அதைப் பற்றிப் படம் மூச்சு விடவில்லை. ஹிட்லர் ஒருவரைத் தவிர மற்றவர்களெல்லாம் பாவம், மாட்டிக்கொண்டவர்கள் என்ற எண்ணம் இப்படித்தான் நைசாக உள்ளே வருகிறது. நல்லவேளை, கடைசியில் நிஜச் செக்ரட்டரி ட்ராவுடுல் யுங்கேவின் பேட்டியைச் சேர்த்தார்கள். ஹிட்லரை எதிர்த்து 1943-இல் கொல்லப்பட்ட ஸோஃபி ஷோலும் தன் வயதுப் பெண்தான் என்று பிறகு தெரிந்தபோது, 'சின்ன வயசு' என்ற சாக்கு செல்லாது என்று புரிந்ததாக யுங்கே சொல்கிறார்.

பெர்லினிலேயே எடுத்தார்களா?

தெருக்காட்சிகள் பெரும்பாலும் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். ஹிட்லர் படை முற்றுகையிட்டுப் பட்டினி போட்ட பழைய லெனின்கிராட்!

ஆஸ்கர் கிடைத்ததா?

பரிந்துரையோடு சரி.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் மனைவி தன் ஆறு குழந்தைகளுக்கும் தூக்க மருந்து கொடுத்து, பிறகு ஒவ்வொன்றின் பல்லிடுக்கிலும் விஷக் குப்பியை வைத்துத் தாடையை அழுத்துகிறாள். வெளியே வந்து தனியாகச் சீட்டாடுகிறாள். கேமரா அவசரப்படுவதே இல்லை. பெரியவர்களும் சாப்பிட்டுவிட்டே உட்காருங்கள், படம் இரண்டரை மணி நேரம்.