சிங்கப்பூரில் சென்னையைவிட வெயில் அதிகமா?

கேள்வி: எனக்கு 58 வயது. பெரம்பூரில் இருக்கிறோம். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு டிசம்பர் முதல் வாரத்தில் பிரசவம். நவம்பர் கடைசியில் போய், ஏப்ரல் வரை இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். "அது பூமத்திய ரேகைக்கு ஒட்டியே இருக்கிற ஊர், சென்னையைவிட இரண்டு மடங்கு கொளுத்தும்" என்கிறார் எதிர்வீட்டு அக்கா. என் வீட்டுக்காரரோ "அங்கேயும் கடல், இங்கேயும் கடல், எல்லாம் ஒன்றுதான்" என்கிறார். யார் சொல்வது சரி? வடகம், பிரசவ மருந்துப் பொடி எல்லாம் கொண்டுபோனால் தாங்குமா? ஸ்வெட்டர் எடுக்கட்டுமா என்று கேட்டால் வீட்டில் சிரிக்கிறார்கள்.
- வாசகி, சென்னை

பதில்: சகோதரி, இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. அக்கா சொல்வதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் பாதி ஊர் அப்படித்தான் நினைக்கிறது.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 140 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. சென்னை ஏறக்குறைய 1,450 கி.மீ. தள்ளி. ரேகையை நெருங்க நெருங்க வெயில் ஏறும் என்றால் நாம்தான் தப்பித்தவர்களாக இருக்க வேண்டும். ஆனால் 2003 மே 31 அன்று சென்னையில் பதிவானது 45 டிகிரி. சிங்கப்பூரின் உச்சம் 37 டிகிரி. 1983 ஏப்ரலில் ஒருமுறை, 2023 மே 13 அன்று இன்னொருமுறை அதைத் தொட்டது. 37 டிகிரி என்றால் நமக்குக் கத்திரியில் ஒரு சாதாரண நாள்.

ஏன் இப்படி? சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பிறகு சற்று வடக்கே போய், ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பவும் உச்சியைக் கடக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது நம்மை விட்டு வெகுதூரம் விலகுவதே இல்லை, பகலும் நீளம். அதோடு முதுகுக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும் பெரிய நிலப்பரப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு வருகிற மேற்குக் காற்று, கடற்காற்றை மத்தியானம் வரை உள்ளே விடுவதில்லை. கடற்காற்று என்றைக்குத் தாமதமாகிறதோ அன்றைக்கு நாம் வேகிறோம்.

சிங்கப்பூரோ கிழக்கு மேற்காக 50 கி.மீ. நீளம்கூட இல்லாத தீவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். ஆண்டு முழுக்க மண்ணும் மரமும் ஈரமாகவே இருப்பதால், விழுகிற வெயிலில் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிறது. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். காலையில் கிளம்பிய ஆவி மத்தியானத்துக்குள் மேகமாகிச் சூரியனை மறைத்துவிடும், பல நாள் மழையாகவும் கொட்டும்.

அதனால் அக்காவின் கணக்கு தப்பு. சரி, அப்போது வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டாரா என்றால், அவருக்கும் இருக்கிறது பதில்.

சென்னையில் நாம் எவ்வளவு புலம்பினாலும் கத்திரி முடியும், மழை வரும், மார்கழியில் விடியற்காலை 20, 21 டிகிரிக்கு இறங்கும். சிங்கப்பூரில் இந்த ஏற்ற இறக்கமே கிடையாது. மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிக்கும் மிகச் சூடான மாதத்தின் சராசரிக்கும் 2 டிகிரிகூட வித்தியாசம் இல்லை. பகலில் 31, 32. இரவில் 24, 25. இத்தனை ஆண்டுப் பதிவில் மிகக் குறைந்த வெப்பமே 19 டிகிரி, அதுவும் 1989 பிப்ரவரியில் ஒருநாள். உடம்பை அசத்தப்போவது வெயில் இல்லை, விடாத புழுக்கம். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். வியர்வை வரும், ஆனால் காயாது. முதல் இரண்டு வாரம் சீக்கிரம் களைப்பாக இருந்தால் உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிடாதீர்கள்.

மழைக்கு வருகிறேன். வருடக் கடைசியில் இரண்டு ஊருக்கும் மழை தருவது ஒரே வடகிழக்குப் பருவக்காற்றுதான். நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து, ஆண்டின் 1,400 மி.மீ. சொச்சத்தில் பாதிக்கு மேல் தந்துவிடுகிறது. சிங்கப்பூரில் அது சூடு பிடிப்பது டிசம்பரில். அந்த ஒரு மாதத்தில் மட்டும் 300 மி.மீ.க்கு மேல். அதாவது நீங்கள் இங்கே மழையை முடித்துக்கொண்டு, அங்கே அடுத்த மழையில் போய் இறங்குகிறீர்கள்! சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் தூறும். ஜனவரி கடைசியில் மழை குறைந்து, பிப்ரவரியில் நல்ல காற்றடிக்கும். ஏப்ரலில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு திடீர் மழை. இடி கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திறந்த வெளியில் நடக்க வேண்டாம்.

ஒன்றை நினைத்துச் சந்தோஷப்படலாம்: புயல் பயம் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா நம் மரங்களையெல்லாம் சாய்த்ததே, அந்த மாதிரிச் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பிவிட வேண்டும். ரேகைக்கு அருகில் அந்த விசை மிகக் குறைவு. 2001 டிசம்பரில் வாமெய் என்ற ஒரு புயல் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் உருவாகி மலேசியாவின் ஜொகூரில் கரையைக் கடந்தது. வானிலைக்காரர்கள் இன்றும் அதை அதிசயமாகப் பேசுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதங்களும் குழந்தைக்கு நல்லவை. சுமத்ராவில் காடும், மட்கிய இலைதழை சேர்ந்த கரிநிலமும் எரிந்து புகை மூட்டம் வருவது பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரை, தென்மேற்குக் காற்றில். 2015, 2019 போன்ற ஆண்டுகளில் மூச்சுவிடவே சிரமப்பட்டார்கள். நீங்கள் இருக்கும்போது காற்று வேறு பக்கம்.

இனி மூட்டை முடிச்சு. வடகத்தை இங்கேயே நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுபோங்கள். அங்கே போய்ப் பிழிந்து காயப்போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். மருந்துப் பொடியும் அப்படித்தான், சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து வையுங்கள். சுக்கு, ஓமம், பூண்டு எல்லாம் சிராங்கூன் ரோட்டில் கிடைக்கும், பெட்டியில் இடத்தை அடைக்க வேண்டாம். பட்டுப்புடவை ஒன்று போதும். ஆனால் குழந்தைக்குப் பழைய வேட்டித்துணி நினைத்ததைப்போல இரண்டு மடங்கு எடுங்கள். அடுக்குமாடி வீடுகளில் துணியை மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார்கள், டிசம்பர் மழையில் அது ஒருநாளில் காயாது. பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசுப்புழு இருக்கிறதா என்று வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், இருந்தால் அபராதம்.

விடியற்காலை எழுந்து வாசலுக்குப் போகிறவர் என்றால் இன்னொன்று. அங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணிவாக்கில், பிப்ரவரியில் ஏழேகால். தீவு இருக்கும் இடத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்க வேண்டிய கடிகாரத்தை, மலேசியாவை ஒட்டி 1982இல் இன்னும் அரை மணி முன்னால் தள்ளிவைத்ததன் விளைவு இது. அதனால் கடிகாரம் ஆறு காட்டும்போது வெளியே கும்மிருட்டாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஸ்வெட்டர்? சிரித்தவர்கள் சிரிக்கட்டும், எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே புழுங்கும், ரயிலுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் ஏசி நடுங்க வைக்கும். கனமாக வேண்டாம், ஒரு பருத்திச் சால்வை இருந்தால் கைக்குழந்தையையும் சேர்த்துப் போர்த்திக்கொள்ளலாம்.