பழைய டர்போ கார் வாங்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: சார், பழைய கார் வாங்கினால் டர்போ இல்லாததாகப் பார்த்து வாங்கு என்கிறார்கள். அவ்வளவு ஆபத்தா?

பதில்: டர்போ என்பது எஞ்சினின் புகைக்காற்றால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆயில் மாற்றாத ஓனரைப் பார்த்துப் பயப்படுங்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும், சின்ன எஞ்சின்களில் 2 லட்சத்தையும் தாண்டும். அந்த வேகத்தில் அதைத் தாங்கி நிற்பது பெரும்பாலான கார்களில் மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் கருகிக் கெட்டியானால் முதலில் அடி வாங்குவது டர்போ. அதனால் காரைப் பார்ப்பதற்கு முன் சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள். "பில் எல்லாம் எங்கேயோ இருக்கு" என்று பதில் வந்தால் நான் அடுத்த காரைப் பார்க்கப் போய்விடுவேன்.

கேள்வி: "டர்போ புதுசா மாத்தியாச்சு" என்கிறார் விற்பவர். நல்லதுதானே அண்ணா?

பதில்: பழையது ஏன் போனது என்று தெரிந்தால் நல்லது. ஆயில் வரும் குழாய் அடைத்துப் போய் டர்போ செத்திருந்தால், அந்தக் குழாயைச் சுத்தம் செய்யாமல் போட்ட புது டர்போவும் சீக்கிரமே சாகும். பில்லில் டர்போவோடு ஆயில் குழாயும் ஆயில் ஃபில்டரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய டர்போவின் இறக்கை உடைந்திருந்தால் இன்டர்கூலரையும் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) கழற்றிக் கழுவியிருக்க வேண்டும்.

கேள்வி: புகையை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் போவதற்குள் ஓனர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். சில நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது நீலப் புகை கிளம்பினால் டர்போ சீல் மீது சந்தேகம் வரும். கறுப்புப் புகை என்றால் காற்று போதாமல் இருக்கலாம். காற்று போகும் ஹோஸ் கிழிந்திருந்தாலும் இப்படி வரும், அது சின்னச் செலவு. விடாமல் வரும் வெள்ளைப் புகையும் குறையும் கூலன்ட்டும் சேர்ந்தால் பெரிய வேலை. ஆனால் ஒன்று, பார்ட்டிகுலேட் ஃபில்டர் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள டீசல் கார் கறுப்புப் புகையை மறைத்துவிடும்.

கேள்வி: இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் பிசுபிசுப்பு. வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பதில்: லேசான பிசுபிசுப்பு சகஜம், எஞ்சினின் ஆவிக்காற்று அந்த வழியாகத்தான் போகிறது. ஆயில் தேங்கி நின்றால்தான் பிரச்சினை. அதோடு, எஞ்சின் ஆறியிருக்கும்போது, டர்போவுக்குக் காற்று வரும் குழாயையும் கழற்றி டர்போ தண்டையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம், ஆனால் இறக்கை கூட்டில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் தேய்ந்துவிட்டது.

கேள்வி: டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, காலியான சாலையில், மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக அழுத்துங்கள். பிக்கப் ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் திடீரென்று சக்தி செத்து, அணைத்து ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டால் அது லிம்ப் மோட், அதாவது கோளாறு தெரிந்ததும் கார் தன்னைக் காக்கச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை. டீசலில் டர்போவின் வேன்கள் (புகைக்காற்றின் வழியைத் திருப்பும் சிறு தகடுகள்) கரி பிடித்து ஒட்டிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். மெல்லிய விசில் இருக்கட்டும். சைரன் மாதிரி ஊளையிட்டால் வேண்டாம்.

கேள்வி: ஸ்கேனர் போட்டேன், ஒரு எரர் கோடும் இல்லை. நிம்மதியாக வாங்கலாமா?

பதில்: நேற்று இரவு அழித்திருக்கலாமே! காரின் சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்று ஸ்கேனரில் காட்டும் ரெடினஸ் மானிட்டர்களைப் பாருங்கள். பல "முடியவில்லை" என்று காட்டினால் அண்மையில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓட்டிய பிறகு திரும்ப ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பி0299 வந்தால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறைவு, பி0234 வந்தால் பூஸ்ட் அதிகம்.

கேள்வி: ரீமேப் செய்த (பவர் கூட எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிய) கார், பவர் அருமை. வாங்கலாமா?

பதில்: நான் வாங்க மாட்டேன். டர்போ மட்டுமல்ல, கிளட்சும் கியர்பாக்ஸும் அந்தப் பவரைச் சுமந்திருக்கும்.