எடை இறங்கவில்லை என்று நடையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. டாக்டர் சொன்னதால் மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் விடாமல் நடந்தேன். பொரித்தது, பாக்கெட்டில் வருவது எல்லாவற்றையும் குறைத்து, காய்கறியும் பழமும் கூட்டினேன். எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்தது, மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. அவ்வளவுதான் லாபம். என் தாத்தா உடற்பயிற்சி என்ற பேச்சையே எடுத்ததில்லை. 88 வயது வரை நன்றாக இருந்தார். போன மாதத்தோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். நான் செய்தது சரிதானே?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: சரியில்லை. பலன் கிடைத்துக்கொண்டிருந்தபோதே பலன் இல்லை என்று முடிவு கட்டி நிறுத்தியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. "படுத்ததும் தூக்கம் வந்தது, மனசு லேசாக இருந்தது, அவ்வளவுதான்" என்கிறீர்கள். விடிய விடியப் புரண்டு படுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த "அவ்வளவு" எவ்வளவு என்று சொல்வார்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல் வருகிறது, வேலையில் கவனம் நிற்பதில்லை, இனிப்பும் கொழுப்புமாகத் தேடுகிறது நாக்கு, ரத்த அழுத்தமும் ஏறுகிறது. இதெல்லாம் உங்களுக்குச் சரியாகிக்கொண்டு வந்தது. எடை மெஷின் அதைக் காட்டவில்லை என்பதற்காகக் கைவிட்டுவிட்டீர்கள்.

எடைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அரை மணி நேர நடையில் செலவாவது ஏறத்தாழ 100 முதல் 150 கலோரி. ஒரு டம்ளர் இனிப்பு பானத்தில் அது திரும்பி வந்துவிடும். நடந்துவிட்டு வந்தால் சிலருக்குப் பசி கூடும். மிச்ச நேரத்தில் தம்மை அறியாமல் கூடுதலாக உட்கார்ந்துவிடுபவர்களும் உண்டு. அதனால் நடையால் மட்டும் எடையை மளமளவென்று இறக்குவது பெரும்பாலானவர்களுக்குக் கைகூடுவதில்லை. இது உங்கள் குறை இல்லை. நடந்தாலே இளைத்துவிடலாம் என்று ஆசை காட்டியவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். அந்த ஒரே ஆசையோடு தொடங்கியவர்கள் மனம் விட்டுப்போய் எழுதும் கடிதங்கள் எங்களுக்குத் தொடர்ந்து வருகின்றன.

சரி, அந்த மூன்று மாதமும் உள்ளே என்னதான் நடந்தது? ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். சாப்பிட்டு முடித்ததும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அப்போது எழுந்து பத்து நிமிஷம் நடந்தால், தொடைத் தசை சுருங்கி விரியும்போதே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அதற்கு இன்சுலின் வந்து சொல்லட்டும் என்று அது காத்திருப்பதில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இது நடக்கிறது. நடந்து முடித்த பிறகும், மறுநாள் வரைகூட, அந்தத் தசை முன்னைவிட நன்றாக இன்சுலினுக்கு இசைந்து கொடுக்கிறது. சில நாள் சும்மா இருந்தால் இந்தப் பலன் கரைந்துவிடும். விட்டுவிட்டு மாதம் ஒரு முறை பத்து கிலோமீட்டர் நடப்பதைவிட, தினமும் கொஞ்சம் நடப்பது மேல் என்று சொல்வது இதனால்தான். கூடவே இதயத் துடிப்பு நிதானப்படுகிறது, ரத்த அழுத்தம் சில புள்ளிகள் இறங்குகிறது. இதில் எதுவும் எடை மெஷினில் தெரியாது.

உங்கள் தாத்தா கதைக்கு வருகிறேன். அவர் உடற்பயிற்சி செய்யவில்லை என்கிறீர்கள். ஆனால் அவருடைய ஒரு நாள் எப்படிப் போனது என்று எழுதவில்லையே! எவ்வளவு தூரம் நடந்தார், எதைத் தூக்கினார், எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்தார்? உடம்புக்கு அதெல்லாம்தான் கணக்கு. 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் இரட்டைத் தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே நிறுவனம். டிரைவர் ஷிப்டு முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். மாரடைப்பு டிரைவர்களுக்கு அதிகமாக வந்தது. கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது, வந்தாலும் வயது கடந்து வந்தது. அந்தக் கண்டக்டர்களில் யாரும் உடற்பயிற்சி செய்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

நான் இதை எழுதக் காரணம் அடுத்து வருவதுதான். டிரைவர் குண்டாக இருந்திருப்பார், அதனால் வந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். மாரிஸுக்கும் தோன்றியது. சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவுப் பதிவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரியதுதான். ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டபோதும் கண்டக்டர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. தொப்பை போட்ட கண்டக்டரையும் அந்தப் படிகள் காப்பாற்றின. இளைக்காத நடை வீண் நடை என்று நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

நிறுத்தியதற்கும் ஒரு விலை உண்டு. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரை மறுபடி அழைத்து அளந்தார்கள். முப்பது வருட மூப்பு அவர்களுடைய உழைக்கும் திறனைக் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. அப்புறம் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். மூப்பால் இழந்த திறனை ஐம்பது வயதில் மீட்டுக்கொண்டார்கள். உங்களுக்கு 46தான்.

மனசு லேசானதையும் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், கடுமையான மனச்சோர்வு நோய் இருந்த, 50 வயது கடந்த 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு மாத்திரை, இன்னொன்றுக்கு இரண்டும். மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆரம்பத்தில் வேகமாகத் தேறினார்கள். 16 வாரம் முடிந்தபோது மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக்கூடாது. மருந்தோடு நடையும் சேர்ந்தால் நல்லது. மனம் சோர்ந்து கிடப்பவருக்குச் செருப்பை மாட்டுவதே மலையாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவரை "போய் நட" என்று விரட்டுவதில் பயன் இல்லை. வீட்டில் ஒருவர் கூடவே ஐந்து நிமிஷம் நடந்தால் போதும்.

சாப்பாடும் இப்படித்தான். 2017இல் ஃபெலிஸ் ஜாக்கா என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், மனச்சோர்வும் மோசமான உணவுப் பழக்கமும் உள்ள 67 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு பாதிப் பேருக்கு 12 வாரம் உணவு ஆலோசனை. காய்கறி, பழம், பயறு வகைகள், முழுத் தானியம், மீன், கொட்டைகள் என்று உணவை மாற்றினார்கள். மற்றவர்களுக்கு அதே அளவு நேரம் ஒருவர் வந்து பேசிக்கொண்டிருந்தார். உணவை மாற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் நோயிலிருந்து மீண்டார்கள். மற்ற குழுவில் நூற்றுக்கு எட்டுப் பேர். சின்ன ஆய்வுதான், இதை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றைப் பாருங்கள்: தேறியதற்கும் எடைக்கும் அங்கே சம்பந்தம் இருக்கவில்லை.

பாக்கெட் உணவைக் குறைத்தது நீங்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, அதைத் திரும்பவும் செய்யுங்கள். 2019இல் வெளியான, கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரின் ஆய்வில் 20 பேரை இரண்டு வாரம் தொழிற்சாலையில் தயாரான உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் சாப்பிடவைத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். தொழிற்சாலை உணவின்போது தினமும் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. அந்த உணவை வேகமாகவும் சாப்பிட்டார்கள். மன உறுதி இல்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்வதில் பாதி அநியாயம்.

இனி என்ன செய்யலாம்? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு. நீங்கள் நடந்தது வாரம் 210 நிமிஷம், அதில் குறையே இல்லை. ஒரு மாத இடைவெளி விழுந்துவிட்டதால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும். நேரம் இல்லாத நாளில் ஐந்து ஐந்து நிமிஷமாகப் பிரித்தாலும் கணக்கில் சேரும்.

நீங்கள் விட்ட ஒன்று தசைக்கான பயிற்சி. வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள், சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எடையோடு நிற்காமல் ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, இடுப்பளவு மூன்றையும் எழுதி வாங்குங்கள். நடக்கச் சொன்னதற்கு என்ன காரணம் என்றும் கேளுங்கள். அவர் சும்மா சொல்லியிருக்க மாட்டார். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அன்றே போய்க் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.