கம்ப்யூட்டர் பெட்டியை 'சிபியு' என்று சொல்வது சரியா?

சிபியு என்பது கணக்குப் போடும் சில்லு மட்டும். எல்லாப் பாகங்களும் இணையும் பலகையான மதர்போர்டில், ஃபேனுக்கு அடியில், சுமார் 4 செ.மீ. அகலத்தில் இருக்கும். வெளியே தெரியும் பெட்டி கேபினட்.

ஒரு காலத்தில் அப்படிச் சொன்னது பொருத்தம்தான். 1964-இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 கம்ப்யூட்டர் வரிசையில் சிபியுவே பீரோ அளவுக்கு இருந்தது. 1971-இல் இன்டெல் நிறுவனத்தின் 4004 அந்த வேலையை ஒரே சில்லுக்குள் அடக்கியது. இன்று பெட்டியைச் சிபியு என்பது, கார் முழுவதையும் எஞ்சின் என்பது போல. பேச்சில் பரவாயில்லை, கடையில் "சிபியு மாத்தணும்" என்றால் சில்லுக்கு விலை சொல்லிவிடக்கூடும்.

பெட்டி ஆன் ஆகாவிட்டால் சிபியு போய்விட்டது என்று அர்த்தமில்லை: அது அரிதாகவே பழுதாகும், முதலில் பவர் கேபிளையும், பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள், ஃபேன் சுற்றியும் திரை வராவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமை (தற்காலிக நினைவகப் பட்டை) கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.